கண்ணாடிச் சாமந்தியைக் கையால் பிடுங்காதீர்கள்: பவளத் தொட்டியில் ஐப்டேசியாவைக் கட்டுப்படுத்தும் முறை

வீட்டில் கடல்நீரில் பவளம் வளர்க்கும் தொட்டியின் பாறை இடுக்கில், வடிகட்டிய தேநீரின் நிறத்தில், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் தண்டும் அதன் உச்சியில் ஊசிமுனை போன்ற நீண்ட உணர்கொம்புகளும் கொண்ட ஒரு சிறு உயிர் விரிந்திருக்கக் கண்டால், தொட்டியின் மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் அதைக் கவனிக்க வேண்டும். ஐப்டேசியா என்று அழைக்கப்படும் இந்தக் கடல் சாமந்தி, தானாக நடந்து வந்ததன்று. நாம் வாங்கிவந்த பாறையிலோ பவளத்துண்டு ஒட்டப்பட்ட பிளக் என்னும் சிறு அடிக்கட்டையிலோ கடுகளவு இருந்து, நம் கையாலேயே தொட்டிக்குள் சேர்ந்ததாகும். புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் பலர், தீங்கற்ற குழாய்ப் புழுக்களை ஐப்டேசியா என்று எண்ணிக் கொன்றுவிடுகிறார்கள். குழாய்ப் புழுவின் விசிறியில் இறகுபோன்ற நுண்ணிய கிளைகள் இருக்கும். ஐப்டேசியாவின் உணர்கொம்புகள் கிளையின்றி வழவழப்பாக, நுனி கூர்ந்து இருக்கும். நுனியில் சிறு குமிழ் இருந்து தண்டு குட்டையாகத் தெரிந்தால் அது மஜானோ என்னும் வேறொரு சாமந்தி. அதற்கும் கீழே சொல்லும் சுண்ணாம்பு முறை பயன்படும்.

என் தொட்டியில் முதல் ஐப்டேசியாவைக் கண்ட அன்று, இடுக்கியால் அதைப் பற்றி இழுத்தேன். தண்டின் மேற்பாதி கையோடு வந்துவிட்டது, அடிப்பகுதி துளைக்குள் நின்றுவிட்டது. வேலை முடிந்தது என்று நம்பினேன். மூன்றாவது வாரம், அதே துளையைச் சுற்றி மிளகளவில் ஏழு குஞ்சுகளை எண்ணினேன். இதன் காரணத்தை அறிந்துகொண்டால்தான் பின்வரும் முறைகளின் நியாயம் விளங்கும். ஐப்டேசியா பாறையில் நகரும்போது அதன் அடித்தட்டின் விளிம்பிலிருந்து நுண்ணிய துணுக்குகள் கிழிந்து ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு துணுக்கும் முழு உயிராக வளர்ந்துவிடும். பிடுங்குவதும் சுரண்டுவதும் அதன் இயல்பான இனப்பெருக்கத்துக்கு நாமே துணைபோவதாகும். சீண்டப்பட்டால் அது கொட்டும் அணுக்கள் நிறைந்த வெண்ணிற இழைகளை வெளியே உமிழும். அருகிலுள்ள பவளத்தின் திசு கருகுவதற்கு அதுவே போதும்.

விளக்கை அணைத்து வைத்தால் செத்துவிடும் என்று சிலர் கூறுவதையும் நம்ப வேண்டாம். பவளங்களைப் போலவே ஐப்டேசியாவின் உடலிலும் ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஆனால் அந்தப் பாசிகள் முழுவதும் நீங்கி உடல் வெளுத்துப் போன பிறகும், இரை கிடைத்துக்கொண்டிருந்தால் அது உயிர்வாழும். பவளங்கள் வெளுப்பது ஏன் என்று ஆராய்பவர்கள் இதையே ஆய்வுக்கூடங்களில் மாதிரி உயிரினமாக வளர்க்கிறார்கள். 2015 ஆம் ஆண்டில் இதன் மரபணுத்தொகுதி முழுவதும் வெளியிடப்பட்டது. எளிதில் பெருகுவதும் எதையும் தாங்குவதுமாகிய எந்தக் குணங்களுக்காக ஆய்வாளர்கள் அதை விரும்புகிறார்களோ, அவைதாம் நம் தொட்டியில் நமக்குச் சிக்கலாகின்றன.

ஆகவே கொல்லத் தொடங்குமுன் அதன் சோற்றைக் குறைக்க வேண்டும். உறைய வைத்த மைசிஸ் என்னும் சிறு இறால் தீனியை அப்படியே தொட்டியில் போடாமல், வலையில் இட்டு ஆர்ஓ நீரில் அலசி, அந்தக் கலங்கல் நீரைக் கொட்டிவிட்டு, மீன்கள் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டுமே கொடுங்கள். நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்னும் அளவு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் என்ற வரம்புக்குள் இருந்தால் போதும். இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர முயல்வது தவறு. ஊட்டம் அறவே இல்லாத நீரில் பவளங்கள் வெளிறுவதோடு, டைனோஃபிளாஜெல்லேட் என்னும் பழுப்புச் சளி படர்ந்து, ஐப்டேசியாவைவிடப் பெரிய தொல்லையாகிவிடும். உப்பளவு ஆயிரத்துக்கு 35, வெப்பம் 25 முதல் 26 டிகிரி, காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச், கால்சியம் 420 பிபிஎம் ஆகியவை நிலையாக இருக்கட்டும். கோடையில் நம் வீடுகளில் சில்லர் என்னும் நீர்க் குளிரூட்டி இல்லாமல் இந்த வெப்பநிலை நிற்காது. பவளம் நலமாக இருந்தால்தான் சிகிச்சையின் அதிர்ச்சியைத் தாங்கும்.

எண்ணிக்கை இருபதுக்குள் இருக்கும்போது நான் பரிந்துரைக்கும் முறை சுண்ணாம்புக் கூழ். கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றுச் சுண்ணாம்பு, இதற்குத் தேவையான ஒரே பொருள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் அடிப்படையில் இதுவே என்றாலும், அதில் வேறு பொருட்கள் கலந்திருக்கக்கூடும் என்பதால், கடல்நீர்த் தொட்டிக்கென்று விற்கப்படும் தூய தூளையே வாங்குங்கள். ஒரு தேக்கரண்டித் தூளில் சொட்டுச் சொட்டாக ஆர்ஓ நீர் விட்டு, நீர்த்த தோசை மாவின் பதம் வரும்வரை குழைக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் ஊசியில் அடைக்கும். மிகவும் நீர்த்திருந்தால் சாமந்தியின் வாயில் நிற்காமல் பால்போல் கலைந்து போகும். இந்தக் கூழின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 12க்கு மேல் என்பதால் கண்காப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடக்கூடாது. கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வைக்கே ஆபத்து.

இரவு முழுவதும் விளக்கில்லாமல் இருந்த தொட்டியில் விடியற்காலையில்தான் பிஎச் மிகத் தாழ்ந்திருக்கும். எனவே விளக்கு எரிந்து சாமந்திகள் விரிந்தவுடன் இந்த வேலையைச் செய்தால், சுண்ணாம்பினால் வரும் ஏற்றத்தைத் தொட்டி எளிதில் ஏற்றுக்கொள்ளும். எல்லாப் பம்புகளையும் நிறுத்திவிட்டு, நீரில் மிதக்கும் துகள்கள் அசைவற்று நிற்கும்வரை ஐந்து நிமிடம் காத்திருங்கள். ஒரு மில்லிலிட்டர் சிரிஞ்சில் மழுங்கிய நீள ஊசியைப் பொருத்தி, நிழல் விழாமல் பக்கவாட்டிலிருந்து மெதுவாக நெருங்கி, உணர்கொம்புகளில் படாமல், நடுவிலுள்ள வாயின்மேல் ஒரு துளியை மட்டும் இறக்குங்கள். இரை என்று எண்ணி அது உணர்கொம்புகளை உள்நோக்கி மடித்து விழுங்கத் தொடங்கும். அந்த நொடியில்தான் மீதிக் கூழை விட வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே முழுவதையும் அழுத்தினால் அது துளைக்குள் சுருங்கிக்கொள்ள, கூழ் வெளியே வீணாகும். சுருங்கியபின் துளையின் வாயையும் சுண்ணாம்பால் மூடிவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து, மிஞ்சிய வெண்படிவை மெல்லிய குழாயால் உறிஞ்சியெடுத்த பிறகே பம்பை இயக்குங்கள். இருநூறு லிட்டர் தொட்டியில் ஒரு நாளைக்கு நான்கைந்துக்கு மேல் வேண்டாம். அருகில் பவளம் ஒட்டியிருந்தால் அந்தப் பாறையை வெளியே எடுத்து, தொட்டி நீர் நிரப்பிய வாளியில் வைத்துச் செய்யுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே இடங்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டியது கட்டாயம், ஏனெனில் தப்பிய துணுக்குகள் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்திருக்கும்.

எண்ணிக்கை இருபதைத் தாண்டிவிட்டால், அல்லது பாறையின் பின்புறத்திலும் சம்ப் என்னும் வடிகட்டுத் தொட்டியிலும் பரவிவிட்டால், சிரிஞ்சால் துரத்திப் பயனில்லை. அதைத் தின்னும் உயிரையே கொண்டுவர வேண்டும். பெப்பர்மின்ட் இறால் மலிவானது, பெரும்பாலும் சிறிய ஐப்டேசியாக்களைத் தின்றுவிடும். ஆனால் கடைகளில் ஒட்டக இறாலை இதே பெயரில் விற்பதுண்டு; முதுகில் திமில்போன்ற கூனும் உடலில் அழுத்தமான வெண்வரிகளும் இருந்தால் வாங்காதீர்கள், அது பவளங்களைத் தின்னும். காப்பர்பேண்ட் பட்டாம்பூச்சி மீனைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அடைத்து வைத்த தொட்டியில் இரையெடுக்க மறுத்துப் பட்டினியால் இறந்துபோகும் மீன்களில் அதுவும் ஒன்று என்பதால், ஒரு பூச்சியைத் தீர்க்க அந்த மீனைப் பலியிடுவதை நான் ஏற்கவில்லை.

என் மனத்துக்கு நிறைவளித்த முறை பெர்கியா என்னும் ஓடற்ற கடல் நத்தை. சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளமே உள்ள இந்த உயிர் ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது. இரையின் கொட்டும் அணுக்களைச் செரிக்காமல் தன் முதுகு இழைகளில் சேமித்துத் தனக்கே ஆயுதமாக்கிக்கொள்ளும். இரவில் பம்பை நிறுத்திவிட்டு, சிறு ஐப்டேசியாக்கள் உள்ள இடத்தில், ஒரு குழாயின் வழியாக ஐந்தாறு நத்தைகளையாவது சேர்த்தே விடுங்கள். ஒன்றையொன்று கண்டுபிடித்துச் சுருள் வடிவ வெள்ளை முட்டைச்சரங்களை இட்டால்தான் எண்ணிக்கை பெருகும். பகலில் பாறைக்குள் ஒளிந்திருப்பதால் பல வாரங்கள் ஒன்றுகூடக் கண்ணில் படாது. பொறுத்திருங்கள், பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். சிக்ஸ்லைன் ராஸ் மீனும் பெப்பர்மின்ட் இறாலும் இந்த நத்தைகளைத் தின்றுவிடும், ஆகவே இரு வழிகளையும் ஒரே தொட்டியில் கலக்கக்கூடாது. ஐப்டேசியா தீர்ந்ததும் நத்தைகள் பட்டினி கிடக்கும். அதற்குமுன் தேவைப்படும் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பாறையை வெளியே எடுத்துக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஸோவாந்திட், பாலிதோவா வகைப் பவளங்களில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கக்கூடும். கொதிநீரின் ஆவியோடு அது காற்றில் கலந்து, வீட்டிலிருந்த அனைவரும் மூச்சுத்திணறலோடும் காய்ச்சலோடும் மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. இந்த நஞ்சுக்கு மாற்றுமருந்து இல்லை. அவற்றை வெட்டும்போதும் தேய்க்கும்போதும்கூடக் கையுறையும் கண்காப்பும் வேண்டும்.

இனி வராமல் தடுப்பதைப் பற்றி. வாங்கும் ஒவ்வொரு பவளத்துண்டையும் பிளக்கின் அடிப்பக்கம்வரை திருப்பிப் பார்த்து, முடிந்தால் பிளக்கையே உடைத்தெறிந்து புதியதில் ஒட்டுங்கள். டிப் என்னும் பூச்சி நீக்கும் திரவத்தில் முக்குவது தட்டைப்புழுக்களை உதிர்க்குமே தவிர அவற்றின் முட்டைகளைக் கொல்லாது. ஆகவே வாரம் ஒருமுறை மீண்டும் முக்கியெடுத்து, மீன் இல்லாத தனித்தொட்டியில் 76 நாட்கள் வைத்திருந்தால், மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோயும் அங்கேயே முடிந்துவிடும். பாறையைப் பொறுத்தவரை, உயிரற்ற காய்ந்த பாறையில் தொடங்கி, உயிர்களை விடுமுன் ஆறு வாரம் பொறுப்பதே நல்லது. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்த பாறையையோ கல்பவளத்தையோ யார் கொடுத்தாலும் வாங்கக்கூடாது. கல்பவளங்கள் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை.

தொட்டியிலிருந்து நீக்கிய எதையும் கடலிலோ கால்வாயிலோ கொட்டாதீர்கள். பாக் விரிகுடாவில் பயிராக வளர்க்கப்பட்ட கப்பாஃபைகஸ் என்னும் அயல்நாட்டுக் கடற்பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே உயிருள்ள பவளங்களின்மேல் படர்ந்து அவற்றை மூடியதை ஆய்வாளர்கள் 2008 ஆம் ஆண்டில் பதிவு செய்தார்கள். உறிஞ்சியெடுத்த நீரையும் பாறைத் துணுக்குகளையும் ஒரு வாளியில் சேர்த்து, பிளீச்சிங் திரவம் கலந்து ஒருநாள் முழுவதும் மூடி வைத்த பிறகு நீரைக் கழிவறையில் ஊற்றி, துணுக்குகளைக் குப்பையில் போடுங்கள். பயன்படுத்திய சிரிஞ்சையும் குழாயையும் நன்னீரில் கழுவி நன்றாக உலர்த்திவிட்டு எடுத்து வையுங்கள்.