மனநல மாத்திரை சாப்பிடுகிறவர் விரதம் இருக்கும்போது

ஆடியில் காப்பு, கார்த்திகையில் மாலை. பெங்களூரில் ஹலசூரிலும் சிவாஜிநகரிலும் உள்ள நம் வீடுகளில் மனநல மாத்திரை பாதியில் நிற்பது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். "மாலை போட்டவனுக்கு மாத்திரை எதற்கு?" என்று யாராவது ஒரு பெரியவர் கேட்டுவிடுவார். விரதம் தாராளமாக இருக்கட்டும். விரதத்தின் முறையை மாற்றிக்கொள்ளலாம், மாத்திரையில் கை வைக்கக் கூடாது.

இரண்டு வாரம் முன்பே டாக்டரைப் பாருங்கள். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை போன்ற கூட்டமான இடத்தில் பேச நேரம் குறைவு. எத்தனை நாள் விரதம், எத்தனை வேளை சாப்பாடு, தண்ணீர், உப்பு உண்டா, இரவு கண்விழிப்பு உண்டா என்று கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதி, மாத்திரை அட்டைகளோடு கொடுங்கள்.

மிகவும் கவனிக்க வேண்டியது லித்தியம், அதாவது மனநிலை ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் மாத்திரை. உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் அளவு ஏறும். அதனால் உப்பில்லா விரதம், தண்ணீரில்லா விரதம் இரண்டும் லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆகாது. வெயிலில் வேர்க்க வேர்க்க நடப்பதும் அப்படித்தான். வாந்தி, பேதி, கை நடுக்கம் அதிகமாவது, நடை தள்ளாடுவது, நாக்குக் குழறுவது: இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளை லித்தியத்தைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அளவு பார்க்க, கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போனால் கணக்கு தப்பாக வரும்.

லூராசிடோன் என்ற மனநல மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வேறு பிரச்சினை. குறைந்தது 350 கலோரி உணவோடு போட்டால்தான் அது உடம்பில் முழுதாகச் சேரும். ஒரு டம்ளர் பாலும் வாழைப்பழமும் போதாது. ஒருவேளைதான் சாப்பாடு என்றால் மாத்திரையை அந்த வேளைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பைபோலார், அதாவது மனநிலை அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் போகும் நோய் உள்ளவருக்குப் பட்டினியைவிடத் தூக்கம் கெடுவதுதான் ஆபத்து. சிவராத்திரியன்று முதல் கால பூஜை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிடட்டும். இரண்டு மணி நேரமே தூங்கியும் களைப்பில்லை, பேச்சு நிற்கவில்லை, அன்னதானத்துக்கு நகையை விற்கிறேன் என்கிறார் என்றால் பக்தி முற்றிவிட்டது என்று மெச்சாதீர்கள். அது நோய் கிளம்பும் அறிகுறி.

ஓசிடி, அதாவது ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வந்து செய்ததையே செய்யவைக்கும் நோய் உள்ளவர் 108 முறை மந்திரம் சொல்லி முடித்துவிட்டு, "நடுவில் தப்பாகச் சொன்னேனோ?" என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். "சரியாகத்தான் சொன்னாய்" என்று நாம் தேற்றத் தேற்ற அந்தச் சந்தேகம் வளரும். ஒரே சுற்று, திரும்ப எண்ணுவதில்லை என்பதைச் சிகிச்சையாளரோடு சேர்ந்து மெல்லப் பழக்குங்கள்.

விபூதியும் மந்திரித்த கயிறும் மாத்திரைக்கு இடைஞ்சல் இல்லை. மாத்திரையை நிறுத்து என்பவரிடமும், கட்டிப் போடு என்பவரிடமும் மட்டும் போகாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6இல் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சங்கிலியால் கட்டுவது குற்றம்.

சாகணும் என்ற பேச்சு வந்தால் மண்டலம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் 14416க்குக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.