கிணற்றுச் சுவரை விட்டுக் கடலுக்கு: டிரையத்லானுக்கு முன் மனத்தைப் பழக்கும் முறை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கத்தில் நீச்சல் தெரிந்த தமிழர்களில் பலர் தோட்டத்துக் கிணற்றில் கற்றவர்கள். இடுப்பில் டியூபைக் கட்டிவிட்டு, மேட்டில் நின்று மாமாவோ சித்தப்பாவோ கயிற்றைப் பிடித்திருக்க, இரண்டொரு நாளில் வந்த நீச்சல் அது. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் கிணற்றில் எந்தப் பக்கம் நான்கு கை வீசினாலும் சுவர் கிடைத்துவிடும். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் போட்டி டிரையத்லான்; கடலில் தொடங்கும் அதில் முதன்முறையாக இறங்குபவருக்குக் கரையை விட்டு நூறு மீட்டர் போனதும் நெஞ்சு படபடப்பதற்குக் கைகாலில் வலுவில்லை என்பது பெரும்பாலும் காரணமன்று. தொடுவதற்குச் சுவர் இல்லை என்பதை மனம் அப்போதுதான் கண்டுகொள்கிறது.

‘எல்லாம் நன்றாக நடக்கும் என்று நினைத்துக்கொள்’ என்று அப்போது நமக்குச் சொல்லப்படும் அறிவுரையை நான் முழுதாக ஏற்பதில்லை. வெற்றியை மட்டும் கற்பனை செய்து மகிழ்பவர்கள் அதற்கான உழைப்பில் தளர்ந்துவிடுகிறார்கள் என்பதையும், விருப்பத்தோடு தடையையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பவர்கள் மேலும் உறுதியாக முயல்கிறார்கள் என்பதையும் ஜெர்மானிய உளவியலாளர் கபிரியேலே எட்டிங்கன் தம் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சலின்போது மைக்கேல் ஃபெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்து, கடைசிப் பகுதியில் அவருக்கு எதிர்ச்சுவரே தெரியவில்லை. அவர் கைவீச்சுகளை எண்ணியபடியே நீந்தி, 1 நிமிடம் 52.03 விநாடியில் உலக சாதனையுடன் தங்கம் வென்றார். அவருக்குக் கைகொடுத்தது, இப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்பதை முன்பே பழகி வைத்திருந்த மனம்.

ஆகவே போட்டிக்கு ஒரு மாதம் முன்பே ஒரு நோட்டை எடுத்து, பக்கத்தின் நடுவே கோடு போட்டு, இடப்புறம் உங்களுக்கு உள்ளபடி பயம் தரும் ஒவ்வொன்றையும், வலப்புறம் அது நேர்ந்தால் முதல் பத்து விநாடியில் செய்யப்போகும் ஒரே ஒரு செயலையும் எழுதுங்கள். ‘தைரியமாக இருப்பேன்’ என்று எழுதினால் அது விடையாகாது. ‘மல்லாந்து திரும்பி, பத்து மூச்சு எண்ணுவேன்’ என்பதே விடை. பத்துப் பன்னிரண்டு வரிகள் போதும். அதற்கு மேல் எழுதினால் பயத்தை வளர்த்ததாகிவிடும்.

நீச்சலுக்கான வரிகளில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். படபடப்பு வந்தவுடன் நாம் அறியாமலே மூச்சை அடக்கிக்கொள்கிறோம். உள்ளே கரியமில வாயு சேரச் சேர மூச்சு முட்டுவது போன்ற உணர்வு பெருகி, அது பயத்தை இன்னும் கூட்டுகிறது. இந்தச் சுழலை உடைக்க முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதெல்லாம் மூச்சை இடைவெளியின்றி வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதைக் கிணற்றிலேயே பழகலாம்: மேட்டில் நீச்சல் தெரிந்த ஒருவர் கயிற்றோடும் காற்றடித்த டியூபோடும் நிற்க, கிணற்றின் நடுவில் சுவரைத் தொடாமல் பத்து நிமிடம் மிதந்து பாருங்கள், பிறகு வேண்டுமென்றே கண்ணாடிக்குள் தண்ணீர் விட்டுக்கொண்டு நீந்திப் பாருங்கள். கடல் இங்கிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவில் இருந்தாலும், போட்டிக்கு முன் இரண்டு முறையாவது பயிற்சியாளரோடு போய் இறங்கிவிட்டு வருவது அவசியம். ஒரு விதியையும் தெரிந்துகொள்ளுங்கள்: பொதுவான டிரையத்லான் விதிகளின்படி, முன்னேறிச் செல்லாதவரை, காவல் படகையோ மிதவையையோ பிடித்து இளைப்பாறலாம், உதவி வேண்டுமென்றால் கையை உயர்த்தலாம். கடலிலும் சுவர் உண்டு, சற்றுத் தள்ளித் தள்ளி இருக்கிறது என்பதை அறிந்த மனம் பெரும்பாலும் அதைத் தேடுவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. டிரையத்லானில் நேரும் திடீர் மரணங்களில் பெரும்பகுதி நீச்சலின்போதுதான் நிகழ்கிறது. நெஞ்சுவலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஆகியவற்றை மனத்தடை என்று எண்ணித் தாண்ட முயலக் கூடாது. உடனே கையை உயர்த்திவிட வேண்டும். நாற்பது வயதைக் கடந்தவர்கள் பயிற்சியைத் தொடங்கும் முன்பே இதயப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

சைக்கிளுக்கு நம் ஊரைவிட நல்ல பயிற்சிக்கூடம் கிடைக்காது. சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் மேற்கிலிருந்தும், மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்தும் காற்று பாய்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்குப் போகும்போது முதுகில் தள்ளிய அந்தக் காற்று, திரும்பும்போது மார்பில் கை வைத்து நிறுத்தும். அந்த நேரத்தில் வேகம் காட்டும் கருவியைப் பார்ப்பவர் மனம் ஒடிந்துபோகிறார். கருவியை மூடிவிட்டு, நிமிடத்துக்கு 80 முதல் 90 மிதிச்சுற்று என்ற கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு, மிதிக்க இலகுவான கியரில் வாருங்கள். காற்றைக் குறை கூறும் குரல் எழும்போதெல்லாம் மிதியை எண்ணத் தொடங்குங்கள். போட்டியில் காதில் பாட்டுக் கருவி வைத்துக்கொள்ள அனுமதி இல்லை என்பதால், பயிற்சியிலும் அதை விட்டுவிடுவதே சரி.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால்கள் வேறு யாருடையவோ போல இருக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால் அது அச்சம் தராது. தண்ணீர் தரும் அடுத்த இடம் வரை ஓடுவது என்று தூரத்தைச் சிறு துண்டுகளாக்கிக்கொள்ளுங்கள். ஆனால் வெயிலை மன உறுதியால் வெல்ல முடியாது. 2016-இல் மெக்ஸிகோவின் கோசுமெலில் நடந்த டிரையத்லானில் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் வீரர் ஜானி பிரவுன்லீ கடைசிச் சில நூறு மீட்டரில் வெப்பத்தால் தள்ளாட, அவருடைய அண்ணன் அலிஸ்டர் அவரைத் தாங்கிப்பிடித்து முடிவுக்கோடு வரை கொண்டுவந்து சேர்த்தார். ஒலிம்பிக் பதக்கம் பெற்றவருக்கே அந்த நிலை என்றால், ‘தலை கிறுகிறுத்தால் நடப்பேன்’ என்ற வரி உங்கள் நோட்டில் கட்டாயம் இருக்க வேண்டும்.

முந்தைய இரவு தூக்கம் வராவிட்டால் கவலை வேண்டாம்; அதற்கு முந்தைய இரவுகளில் நன்றாகத் தூங்கியிருந்தால் போதும். காலையில் கடற்கரையில் நிற்கும்போது நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். அப்போதும் கை நடுங்கினால் அதை அடக்க முயலாமல், உடல் வேலைக்கு ஆயத்தமாகிறது என்று உங்கள் பெயரைச் சொல்லியே உங்களுக்குச் சொல்லிக்கொள்ளுங்கள். கூட்டத்தின் நடுவில் நிற்காமல் ஓரமாக, சற்றுப் பின்னால் நின்று இறங்குங்கள். இழக்கும் சில விநாடிகள் ஒரு பொருட்டல்ல.

போட்டி முடிந்த அன்றே நோட்டைத் திறந்து, எது நேர்ந்தது, எந்த விடை பயன்பட்டது என்று குறித்து வையுங்கள். என் முதல் போட்டிக்கு நான் எழுதிய பன்னிரண்டு வரிகளில் ஒன்றுகூட நேரவில்லை. நேர்ந்தது வேறு: தண்ணீரிலிருந்து ஓடிவந்தவனுக்கு, வரிசை வரிசையாகத் தொங்கிய சைக்கிள்களில் தன்னுடையது எது என்று தெரியாமல் போயிற்று. பதின்மூன்றாவது வரியாக இப்போது அதில் இருப்பது, ‘நுழைவாயிலிலிருந்து எத்தனையாவது வரிசை என்று காலையிலேயே இரண்டு முறை நடந்து எண்ணுவேன்; தலைக்கவசத்தின் வாரை மாட்டிய பிறகே சைக்கிளைத் தொடுவேன்’ என்பது.