பெனிட்டோய்ட்டா, வேறு நீலக்கல்லா? வாங்கும் முன் சோதிக்கும் முறை

பெனிட்டோய்ட் ஓர் அரிய நீல ரத்தினம். நகைத் தரத்தில் அது கிடைத்த ஒரே இடம் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சான் பெனிட்டோ மாவட்டம். 1907-இல் கண்டெடுத்தபோது நீலக்கல் (சஃபையர்) என்றுதான் நினைத்தார்கள். பேரியமும் டைட்டானியமும் கலந்த புதிய சிலிகேட் கனிமம் என்று கண்டறிந்து பெயர் வைத்தவர் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் லூடர்பேக். 1985 முதல் அது கலிபோர்னியாவின் மாநில ரத்தினம். நவரத்தினத்தில் இதற்கு இடமே இல்லை. பழங்காலத்து ராசிக்கல் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

முதல் சோதனை புற ஊதா விளக்கு. 254 நானோமீட்டர் சிற்றலை (short wave) விளக்குதான் வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 365, 395 நானோமீட்டர் டார்ச்சுகளில் நீல நிறப் பெனிட்டோய்ட் பெரும்பாலும் ஒளிராது. அதை வைத்துப் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிளாஸ்டிக்கும் சாதாரணக் கண்ணாடியும் சிற்றலையைத் தடுத்துவிடும், அதனால் கல்லை டப்பியிலிருந்து வெளியே எடுத்து, இருட்டறையில் கருப்புத் துணிமேல் வையுங்கள். வெள்ளைக் காகிதம் தானே நீலமாக ஒளிர்ந்து ஏமாற்றும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், விளக்கின் கீழ் கையை நீட்டி வைக்காதீர்கள். உண்மையான கல் பளீரென்று நீலமாக ஒளிரும்.

ஆனால் இதோடு நிறுத்தினால் ஏமாறுவீர்கள். உருக்கிச் செய்த செயற்கை நீலக்கல்லும் சிற்றலையில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறி ஒளிரும். அதைப் பிரிப்பது அடுத்த சோதனை: 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பில் (நகைக்கடைக்காரரின் உருப்பெருக்கி) மேல்முகம் வழியாக அடிப்பக்கப் பட்டைகளின் விளிம்புகளைப் பாருங்கள். பெனிட்டோய்ட்டில் ஒவ்வொரு கோடும் இரண்டிரண்டாகத் தெரியும். ஒளியை இரண்டாகப் பிரிக்கும் அளவான அதன் இரட்டை ஒளிவிலகல் 0.047, நீலக்கல்லுக்கு 0.008 மட்டுமே. படிக அச்சின் திசையில் பார்த்தால் கோடு இரட்டிக்காது, நிறமும் வெளிறிப்போகும். எனவே கல்லைத் திருப்பித் திருப்பி மூன்று நான்கு கோணங்களில் பாருங்கள். கல்லின் இரு நிறங்களைப் பக்கத்துப் பக்கத்தில் காட்டும் டைக்ரோஸ்கோப் இருந்தால் ஒரு சாளரத்தில் நீலமும் மற்றதில் ஏறக்குறைய நிறமின்மையும் தெரியும்.

ஒளிவிலகல் எண்ணை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பெனிட்டோய்ட்டுக்குக் கீழ் அளவு 1.757 அருகில், மேல் அளவு 1.804 அருகில். கல்லுக்கும் கருவிக்கும் இடையே விடும் தொடுதிரவத்தால் பெரும்பாலும் 1.81 வரைதான் அளக்க முடியும், அதனால் மேல் கோடு மங்கலாக வரும்; மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். அடர்த்தி 3.65, நீலக்கல்லுக்கு 4.00. ஒரு காரட் கல் தண்ணீரில் இழக்கும் எடை முறையே சுமார் 0.055, 0.050 கிராம். அரை காரட்டில் இந்த வித்தியாசம் இரண்டரை மில்லிகிராம்தான், 0.001 கிராம் காட்டும் தராசை அங்கே நம்பிப் பயனில்லை.

விலையை முடிவு செய்வது எடை. பட்டை தீட்டிய கற்களில் பெரும்பாலானவை ஒரு காரட்டுக்குக் குறைவு. அதைத் தாண்டினால் காரட் விலை தாவி ஏறும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருப்பதே 7.7 காரட்தான். படிகம் நாட்ரோலைட் என்ற வெள்ளைக் கனிமத்துக்குள், நெப்டியூனைட் என்ற கருப்புக் கனிமத்தோடு கிடந்தால், உடைத்துப் பட்டை தீட்டுவதைவிட அப்படியே வைத்திருப்பது பல நேரம் லாபம்.

கடினத்தன்மை 6 முதல் 6.5 வரைதான். தினமும் அணியும் மோதிரத்தில் கீறல் விழும்; காதணி, பதக்கம் தாங்கும். கழுவ வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். ஒலி அதிர்வால் நகை கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போடாதீர்கள்.