ஊசி போட்டுக்கொள்பவன் ஹான்சலை மறுபடி பார்ப்பது எப்படி

2013-ல் ‘ஹான்சல் அண்ட் கிரெட்டல்: விட்ச் ஹண்டர்ஸ்’ படத்தை மவுண்ட் ரோட்டில் ஒரு தியேட்டரில் பார்த்தபோது எனக்குச் சுகர் கிடையாது. பக்கத்தில் அக்கா மகன், மூக்கை அழுத்தும் 3டி கண்ணாடி, மடியில் ஒரு பெரிய பொட்டலம் பாப்கார்ன். ஹான்சலாக வரும் ஜெரமி ரென்னர் துப்பாக்கியும் கையுமாக வந்து, சண்டைக்கு நடுவே தனக்குத் தானே ஒரு ஊசி குத்திக்கொள்வார். சின்ன வயதில் சூனியக்காரி மிட்டாயாகத் தின்னவைத்ததால் வந்த சர்க்கரை நோயாம். சில மணி நேரத்துக்கு ஒரு ஊசி போடாவிட்டால் உயிர் போய்விடுமாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஆறு வருஷம் கழித்து எனக்கும் வந்தது. முதலில் மாத்திரை, அப்புறம் ஊசி. போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு பெரம்பூர் வீட்டில் அந்தப் படத்தை மறுபடி போட்டேன். என்னைப் போலவே மறுபடி பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு தடவைகூடப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், முடிச்சை அவிழ்க்காமல் என்னால் சொல்ல முடியாது.

படத்துக்கு முன்னால் மூலக்கதையைப் படித்துவிடுங்கள். ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் இது பதினைந்தாவது கதை. பத்து நிமிஷ வேலை. நமக்கெல்லாம் மிட்டாய் வீடும் ரொட்டித் துண்டும்தான் நினைவில் நிற்கும். இப்போது அம்மாவை மட்டும் கவனித்துப் படியுங்கள். பஞ்சத்தில் ஹான்சல், கிரெட்டல் என்ற அந்த அண்ணன் தங்கையைக் காட்டில் விட்டுவிட்டு வரலாம் என்று சொல்பவள் அவள்தான். முதல் பதிப்பில் அவள் பெற்ற தாய். பின்னால் வந்த பதிப்புகளில் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். பெற்றவளே இப்படிச் செய்தாள் என்று அச்சிட மனம் வரவில்லை போலிருக்கிறது. படம் இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. காட்டில் விட்டது கொடுமையால் அல்ல, காப்பாற்ற. அம்மாவே ஒரு நல்ல சூனியக்காரி. இது தெரிந்த பிறகு ஆரம்பக் காட்சியைப் பாருங்கள். அப்பா ராத்திரியில் பிள்ளைகளை அவசரமாகக் காட்டுக்குக் கூட்டிப்போகும்போது, முதல் தடவை கல்நெஞ்சுக்காரனாகத் தெரிந்த அதே ஆள் இப்போது பயந்துபோன மனுஷனாகத் தெரிவார்.

தியேட்டரில் வந்த படம் 88 நிமிஷம். சுமார் பத்து நிமிஷம் கூடுதலான இன்னொரு வடிவமும் உண்டு. நீளமானது ரசிகர்களுக்கு. நான் குட்டையானதைத்தான் போட்டேன். சீக்கிரம் முடிவதுதான் இந்தப் படத்தின் பெரிய நற்குணம்.

இனி சாப்பாடு. நான் தப்புச் செய்த இடம் இதுதான். எட்டரைக்கு ஊசி போட்டேன். தோசை ஊற்ற எழுந்திருக்க வேண்டிய நேரத்தில், டைட்டில் மட்டும் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அந்த டைட்டிலும் மோசமில்லை. பழைய மரச்செதுக்கு அச்சுப் படங்கள் அசைவது போல வரும், தாண்டிவிடாதீர்கள். அப்புறம் ஆக்ஸ்பர்க் ஊர் வந்தது, சூனியக்காரி என்று சொல்லி மீனா என்ற பெண்ணை எரிக்க இழுத்துவந்தார்கள், ஷெரீஃபாக வரும் பீட்டர் ஸ்டோர்மேர் மூக்குடைபட்டார். கொஞ்ச நேரத்தில் என் கழுத்து வேர்த்தது. ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்தேன், ஓடியது. ரிமோட்டைப் பிடித்த கை நடுங்கியபோதுதான் உறைத்தது: சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியைப் போட்டுவிட்டு, சாப்பாட்டை மறந்திருக்கிறேன். சுகர் இறங்கிவிட்டது.

சமையலறைக்குப் போய் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தேன். கால் மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தேன், சரியாகியிருந்தது. உடனே ரெண்டு தோசை. அங்கே அடுப்புப் பக்கம் நின்றபோதுதான் இந்தப் படம் விட்டுவிட்ட பாதி எனக்குப் புரிந்தது. ஹான்சலுக்கு மிட்டாய் என்றால் விஷம், ஊசி என்றால் உயிர், அவ்வளவுதான் படம் சொல்வது. ஊசி போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்கக் காட்டில் ஓடி, மரத்தில் மோதி, சூனியக்காரிகளோடு கட்டிப்புரள்பவனுக்கு முதலில் வரக்கூடியது என்னுடைய வேர்வைதான். அப்போது அவனுக்குத் தேவை ஒரு மிட்டாய். எந்தப் பண்டம் அவனைக் கெடுத்ததாகச் சொல்கிறார்களோ, அதையே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைய வேண்டியவன் அவன். அந்த ஒரு காட்சி மட்டும் இருந்திருந்தால்! (மிட்டாய் தின்றதாலேயே இன்சுலின் ஊசி வரைக்கும் போகும் நோய் ஒரு பிள்ளைக்கு வந்துவிடாது என்பது வேறு. இன்சுலினைக் கண்டுபிடித்ததே 1921-ல்தான். ராக்கெட் வேகத்தில் பாயும் துடைப்பத்தைச் சகித்தவர்கள் இதையும் சகிக்கலாம்.)

ஆகவே சுகர் உள்ளவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகே படத்தைத் தொடங்குங்கள். கொறிக்க வேண்டுமென்றால் சுண்டல். கைக்கெட்டும் தூரத்தில் குளுக்கோஸ் அல்லது நாலு கமர்கட் இருக்கட்டும், சும்மா கொறிப்பதற்கல்ல, சுகர் இறங்கினால் தின்பதற்கு.

பார்க்கும்போது கவனிக்க இன்னும் இரண்டு இடங்கள். ஊரில் பால் பாட்டில்களில் காணாமல் போன பிள்ளைகளின் படத்தைக் கட்டி வைத்திருப்பார்கள். தியேட்டரில் எனக்கு அது அலங்காரமாகத்தான் பட்டது. 1980-களில் அமெரிக்காவில் காணாமல் போன குழந்தைகளின் படங்களைப் பால் பெட்டிகளில் அச்சடித்தார்கள். அதைக் கிண்டலடிக்கிறார் இயக்குநர் டாமி விர்கோலா. ஆவின் பாக்கெட்டைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு இது எங்கே புரிய? இரண்டாவது, எட்வர்ட் என்னும் பூதம். கம்ப்யூட்டரில் வரைந்தது என்றே நினைத்திருந்தேன். டெரக் மியர்ஸ் என்ற நடிகர் உடைக்குள் புகுந்து நடித்தது. கிரெட்டலைத் தூக்கிவைத்துக் காயத்தைப் பார்க்கும்போது அதன் கனம் தெரியும்.

நடுப்பகுதியில் அலுப்புத் தட்டினால் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், ஒன்றும் போகாது. 3டிக்காக முகத்துக்கு நேரே எறிந்த கட்டையும் அம்பும் வீட்டு டிவியில் கொஞ்சம் அசட்டுத்தனமாக இருக்கும். தலையும் கையும் சிதறுகிற படம், ஆகவே குழந்தைகள் தூங்கிய பிறகு. ராத்திரி பத்து மணிக்குமேல் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். கடைசிச் சண்டையில் வரும் இயந்திரத் துப்பாக்கி எங்கள் மாடிக் குடித்தனக்காரரை எழுப்பிவிட்டது.

முடிந்ததும் அக்கா மகனுக்குப் போன் போட்டேன். அவன் இப்போது பெங்களூரில். “அந்த ஊசிப் படமா மாமா? நீங்க அன்னைக்கு அப்படிச் சிரிச்சீங்களே” என்றான். ஆமாம்டா என்றேன். சாப்பிட்டீங்களா என்று கேட்டான்.

படுக்கும் முன் இன்னொரு தடவை குத்திப் பார்த்தேன். 142. விளக்கை அணைத்தேன்.