கான்மோரின் வளர்ச்சிக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

கனடாவின் கான்மோரில் வீடு வாங்கலாமா என்று மருமகன் கேட்கிறான். அவனுக்குச் சொன்னதையே எழுதுகிறேன்.

நிலக்கரியால் பிழைத்த ஊர் அது. 1979 ஜூலையில் சுரங்கம் மூடியது. ஊர் காலியாகவில்லை, பெருத்துவிட்டது.

முதலில் கனடா புள்ளியியல் துறையின் சென்சஸ் பக்கத்தில் ஊர் பெயரைத் தேடுங்கள். 2016-இல் 13,992 பேர், 2021-இல் 15,990. வித்தியாசம் 1,998. அதைப் பழைய எண்ணால் வகுத்தால் 14.3 சதவீதம். சரி, ஆண்டுக்கு எவ்வளவு? ஐந்தால் வகுக்காதீர்கள். இதுவும் கூட்டு வட்டி மாதிரிதான், சுமார் 2.7 வரும்.

அப்புறம், அதே பக்கத்தில் பலரும் தாண்டிப் போகும் இடம்: வீடுகளின் எண்ணிக்கை உள்ள வரி. மொத்த வீடுகள் ஒரு எண், நிரந்தரமாக ஆள் குடியிருக்கும் வீடுகள் இன்னொரு எண். பக்கத்துப் பெருநகரமான கால்கரியில் வசிப்பவர் வார இறுதிக்கு வாங்கிப்போட்ட வீடு முதல் எண்ணில் வரும். அவர் தலை கால்கரியில்தான் எண்ணப்படும். இரண்டுக்கும் இடைவெளி பெரிதானால், மக்கள்தொகையை மட்டும் வைத்து வீட்டு விலையைப் புரிந்துகொள்ள முடியாது. நான் முதலில் பார்ப்பதே இதைத்தான்.

காரணங்களையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 1988 குளிர்கால ஒலிம்பிக்கில் நெடுந்தூரப் பனிச்சறுக்கு இங்கே நடந்தது. பக்கத்து ஊரான பான்ஃப், தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால், அங்கே வேலையோ தொழிலோ இல்லாதவர் குடியேற முடியாது. அப்படிக் குடியேற முடியாதவர்களில் ஒரு பங்கு கான்மோருக்கு வருகிறது.

வாங்குவதென்றால், மனைக்கு அடியில் பழைய சுரங்கப்பாதை ஓடுகிறதா என்று நகராட்சியில் கேட்டுவிடுங்கள்.