பண்ணைக்குட்டை வெட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை வந்தால் கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடுகளில் ஜேசிபி சத்தம்தான். மழையை நம்பியிருக்கும் மானாவாரிக்கு, மழைத் தண்ணீரைத் தேக்கிவைக்க நிலத்திலேயே ஒரு பண்ணைக்குட்டை வேண்டும் என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகமில்லை, நல்லது. ஆனால் புதிதாக வெட்டுகிறவர்கள், ஆரம்பத்தில் நாங்கள் சொதப்பிய அதே இடங்களில்தான் சொதப்புகிறார்கள். ஆழம் போதவில்லை, வேலி போடவில்லை என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். மற்றதைச் சொல்கிறேன்.

வரத்துக்கால் இல்லாத குட்டை

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். வெளியூர் வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு தம்பி, ஐந்து ஏக்கர் புஞ்சையில், வண்டி வந்து போக வசதி என்று பாதையோர மேட்டில் குட்டை வெட்டினார். தோண்டிய மண்ணை நாலு பக்கமும் விளிம்பிலேயே குவித்தாயிற்று. ஐப்பசியில் ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்த்தது. காலையில் போய்ப் பார்த்தால் கீழ்க்கோடியில் உளுந்து முங்கிக் கிடக்கிறது, வரப்பு உடைந்து தண்ணீர் ஓடையைப் பார்த்துப் போகிறது, குட்டையில் கணுக்கால் அளவுதான். "அண்ணாச்சி, நேர் மேலே விழுந்த மழை மட்டும்தான் உள்ள இருக்கு" என்றார். வேறெப்படி இருக்கும்? தண்ணீர் உள்ளே வரும் வழியே, அதாவது வரத்துக்காலே, வைக்கவில்லையே.

ஒரு ஏக்கரில் ஒரு செ.மீ. மழை என்றால் 40,000 லிட்டர். ஐந்து ஏக்கரில் ஐந்து செ.மீ. பெய்தால் 10 லட்சம். கால்வாசி வழிந்தோடினாலும் இரண்டரை லட்சம் லிட்டர். அதுவும் இப்போது நாலைந்து நாள் நிதானமாகப் பெய்வதில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. எங்கள் மாவட்டத்துக்கு வருடம் முழுக்கக் கிடைப்பதைவிட அதிகம். அப்படிப்பட்ட நாளில், மிஞ்சின தண்ணீர் வெளியேற மறுகால் இல்லாத குட்டை கரையை உடைத்துக்கொண்டு பக்கத்துக் காட்டுக்குள் போகும். அப்புறம் பஞ்சாயத்து வேறு.

ஆகவே வெட்டுவதற்கு முந்தின ஐப்பசியிலேயே, மழை பெய்யும்போது காட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். (செருப்பு வேண்டாம், கரிசல் பிடுங்கிக்கொள்ளும்.) சருகும் தட்டையும் ஒதுங்கிய கோடுதான் தண்ணீர் போகும் வழி. குட்டை அதன் கீழ்க்கோடியில் வர வேண்டும். வரத்துக்கால் நுழைகிற இடத்தில் கல் பதியுங்கள், அதற்கு முன்னால் வண்டல் தங்க ஒரு சின்னக் குழி. இன்னொரு பக்கம் கரையைவிட ஓர் அடி தாழ்வாக மறுகால். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து ஐந்தடியாவது தள்ளிக் கொட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதல் மழையிலேயே காசு கொடுத்து எடுத்த மண் திரும்ப உள்ளே வந்துவிடும்.

போர் தண்ணீரால் குட்டையை நிரப்புவது

வேண்டாம். நிலத்தடியில் பத்திரமாகக் கிடப்பதை மேலே ஏற்றி வெயிலுக்குக் கொடுக்கிற வேலை.

செம்மண்ணில் கரிசல் கணக்கு

கரிசல் களி தண்ணீரைப் பிடித்து வைக்கும், செம்மண் குடித்துவிடும். கிணறு ஊற வேண்டுமானால் அது நல்லதுதான். பாய்ச்ச வேண்டுமானால் பாலித்தீன் ஷீட் விரிக்காமல் ஆகாது.

கோடைக்கு ஆகும் என்று வைத்திருப்பது

30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலக் குட்டையில் நாளுக்கு ஐந்து மி.மீ. ஆவியானாலே 4,500 லிட்டர் போச்சு. மழை விட்டு, மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற நேரத்தில் பயிர் சுணங்கும் பாருங்கள், அப்போது ஒரு தடவை பாய்ச்சுகிற அந்தத் தண்ணீருக்குத்தான் குட்டை. ஏக்கருக்கு ஐந்து செ.மீ. பாய்ச்ச 2 லட்சம் லிட்டர் வேண்டும். இருப்பது எத்தனை ஏக்கருக்கு வரும் என்று முன்னாலேயே கணக்குப் போட்டு, ஆயில் இன்ஜினைக் கார்த்திகையிலேயே ஒரு தடவை ஓட்டிப் பார்த்து வையுங்கள்.