மயக்கமா, பட்டமா? ‘பாஸ் அவுட்’ செய்யும் குழப்பம்

எங்கள் பெரியப்பா அமெரிக்காவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது, தலைசுற்றல் என்று ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். டாக்டர், "ஹேவ் யூ எவர் பாஸ்ட் அவுட்?" என்று கேட்டார். பெரியப்பா தயங்காமல், "யெஸ், இன் 1979" என்றார். அவர் சொன்னது பி.காம். முடித்த வருஷத்தை. டாக்டர் கேட்டதோ, எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறீர்களா என்று. அக்கா பக்கத்தில் இருந்ததால் உடனே திருத்திவிட்டார். மயக்கம் வந்ததா இல்லையா என்பதை வைத்துத்தான் இதயத்தைச் சோதிக்க வேண்டுமா என்று டாக்டர்கள் யோசிப்பார்கள், அந்த இடத்தில் பதில் மாறிப்போவது சின்ன விஷயமில்லை.

அதனால் முதலில் திருத்த வேண்டியது இதைத்தான். ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2018’ என்றால் இந்தியாவில் எல்லோருக்கும் புரியும், வேலை விளம்பரங்களிலேயே ‘2024 பாஸ் அவுட்ஸ்’ என்று போடுகிறார்கள், நம் ஊருக்குள் அது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ கம்பெனிக்கோ எழுதும்போது அதே வாக்கியத்தைப் படிப்பவர் மனதில் முதலில் வருவது மயக்கம்தான். அங்கே ‘ஐ கிராஜுவேட்டட் இன் 2018’ என்று எழுதுங்கள். எந்தக் கல்லூரி என்று சேர்த்துச் சொல்வதானால் ‘கிராஜுவேட்டட் ஃப்ரம்’. பள்ளிக்கூடம் என்றால் ‘ஃபினிஷ்ட் ஸ்கூல்’ போதும், ஏனென்றால் பிரிட்டனில் கிராஜுவேட் என்ற சொல்லைப் பெரும்பாலும் பட்டப்படிப்புக்கு மட்டும்தான் சொல்வார்கள்.

ஏன் இப்படிச் சிக்குகிறோம்? பாஸ் என்றால் தேர்ச்சி, அவுட் என்றால் வெளியே, ஆகவே தேறி வெளியே வந்தேன் என்று சொல்லைப் பிரித்துக் கூட்டிப் பொருள் எடுக்கிறோம். தமிழில் ‘போட்டுக்கொடுத்துட்டான்’ என்கிறோமே, அதில் போடுவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை, ஒருவனைக் காட்டிக்கொடுத்ததுதான் இருக்கிறது. ‘போட்டு வாங்கினான்’ என்றால் அது வேறு கதை. தமிழ் படிக்க வரும் ஒருவர் அகராதியில் ‘போடு’வைத் தனியாகவும் ‘வாங்கு’வைத் தனியாகவும் பார்த்து இதைப் புரிந்துகொள்ளவே முடியாது இல்லையா? அதே நிலைமையில்தான் ஆங்கிலத்தில் நாம் இருக்கிறோம். இரண்டு சொல்லையும் சேர்த்து ஒரே சொல்லாக மனதில் வையுங்கள்.

படிப்புக்குக் கிட்டத்தட்ட வரும் ஒரு பொருள் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இருக்கவே செய்கிறது: ராணுவம், போலீஸ் மாதிரி இடங்களில் பயிற்சியை முடித்து வெளியேறுவது. 1963-இல் தொடங்கிய பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி மையத்தில் ஒவ்வொரு அணியும் பயிற்சி முடிக்கும்போது நடக்கும் ‘பாஸிங் அவுட் பரேடு’ செய்தியைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அந்த அர்த்தத்தில் அது சரியான பிரிட்டிஷ் ஆங்கிலம். கல்லூரிக்கு நாம் சொல்வதும் அங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டதோ என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு.

இன்னொரு பொருள், விநியோகிப்பது. வகுப்பில் ஆசிரியர் ‘பாஸ் அவுட் த பேப்பர்ஸ்’ என்றால் தாள்களை எல்லோருக்கும் கொடு என்று அர்த்தம், அமெரிக்காவில் இது ரொம்ப சகஜம். இங்கே வரும் தப்பு சொல்வரிசையில்: ‘பேப்பர்ஸ்’ என்பதற்குப் பதிலாக ‘தெம்’ வந்தால் அது நடுவில் உட்கார வேண்டும், ‘பாஸ் தெம் அவுட்’. ‘பாஸ் அவுட் தெம்’ என்று யாரும் சொல்வதில்லை.

அப்புறம் ‘அவே’. ‘பாஸ்ட் அவே’ என்றால் காலமானார். மயங்கி விழுந்தவரைப் பற்றி அவசரத்தில் போனில் இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டால் கேட்பவர் என்ன பாடுபடுவார் என்று யோசித்துப் பாருங்கள். ‘பாஸ் ஆன்’ பெரும்பாலும் தகவலை அடுத்தவருக்குச் சொல்வது, சில சமயம் அதுவும் இறப்பைக் குறிக்கும். ‘பாஸ் அப்’ என்றால் வந்த வாய்ப்பை வேண்டாம் என்று விடுவது.

கடைசியாக, சாதாரண ‘பாஸ்’ஸிலேயே நம்மில் நிறைய பேர் செய்யும் ஒரு தப்பு. தமிழில் ‘தேர்வில்’ தேறினேன் என்று சொல்லிப் பழகியதால் ‘ஐ பாஸ்ட் இன் த எக்ஸாம்’ என்று ஒரு ‘இன்’ தானாக வந்து விழுகிறது. அது வேண்டாம், ‘ஐ பாஸ்ட் த எக்ஸாம்’ அவ்வளவுதான்.